இழையம் என்று எழுதியவள்

வெங்காயம் உரித்தால் எல்லோருக்கும் கண்ணீர் வரும். எனக்குக் கோபமும் சேர்ந்து வரும். பெரிய வெங்காயமானால் பரவாயில்லை. சிவப்புச் சின்ன வெங்காயத்தை உரிக்கும்போது, உள்ளே இருக்கும் அந்த மெல்லிய சவ்வு விரல் நுனியில் ஒட்டிக்கொண்டு வந்தால் போதும், அடுப்பில் எண்ணெய் காய்வது கூட மறந்து நின்றுவிடுவேன். "அம்மா, கிச்சன் ஃபுல்லா புகை லா!" என்று மகள் வந்து கத்துவாள்.

இதை என் வயதுக்காரர்களுக்காக எழுதுகிறேன். தமிழ்ப் பள்ளியில் கணக்கையும் சரித்திரத்தையும் தமிழிலேயே படித்துவிட்டு, இன்று பாலிகிளினிக்கில் எண் கூப்பிடும் வரை உட்கார்ந்திருக்கிறோமே, அந்த நமக்காக. பேரப்பிள்ளைகளிடம் சொல்லிப் பார்த்தேன். "ஸோ சேட், பாட்டி" என்று சொல்லிவிட்டுப் போனுக்குத் திரும்பிவிட்டார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. சைன்ஸைத் தமிழில் படித்தோம் என்பதையே அவர்களால் நம்ப முடியவில்லை.

எழுபதுகளின் நடுப்பகுதி. நான் உயர்நிலை இரண்டில் இருந்தேன். பள்ளிக்கூடம் சிராங்கூன் ரோட்டுக்குப் பின்னால் ஒரு சந்தில் இருந்தது. காலையில் பூக்கடை வாசம் வரும், பத்து மணிக்கு மேல் மாவு மில்லில் மிளகாய் அரைக்க ஆரம்பித்தால் வகுப்பே தும்மும். ஒவ்வொரு ஜனவரியிலும் பெஞ்சுகள் காலியாகிக்கொண்டே வந்தன. விவரம் தெரிந்த பெற்றோர்கள் பிள்ளைகளை இங்கிலீஷ் பள்ளிக்கு மாற்றிக்கொண்டு போய்விட்டார்கள். விவரம் தெரியாதவர்களும், தமிழ் மேல் பிடிவாதம் கொண்டவர்களும் மிஞ்சினார்கள். என் வீடு விவரம் தெரியாத வகை.

எங்கள் வீடு குவீன்ஸ்டவுனில் இருந்தது. அப்பா கிராஞ்சியில் ஒரு கோழிப்பண்ணையில் தங்கி வேலை பார்த்தார், ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு மட்டும் வந்து தலையைக் காட்டுவார். அம்மா வீட்டிலேயே தையல் மெஷின் போட்டு, எங்கள் கத்தோலிக்கப் பங்குக் கோயில் சாமியார்களுக்கு அங்கி தைத்தாள். வெள்ளை டிரில் துணி, கழுத்திலிருந்து கணுக்கால் வரை ஒரே வீச்சாக இறங்கும். வீடு முழுக்க மெஷின் எண்ணெயும் கஞ்சி போட்ட புதுத் துணியும் கலந்து மணக்கும். காய்ந்த துணியில் இஸ்திரிப் பெட்டி படும்போது வரும் ஆவி வாசம் இப்போதும் என் மூக்கில் இருக்கிறது.

அம்மாவுக்கு ஒரு ஆசை இருந்தது. எனக்கு அடுத்ததாக அவளுக்கு ஒரு ஆண்பிள்ளை பிறந்து, ஆஸ்பத்திரியிலேயே இறந்துபோயிற்று. டாக்டர் வந்தார், என்னவோ சொன்னார், போனார். அம்மாவுக்கு ஒன்றும் புரியவில்லை. தமிழில் நாலு வார்த்தை சொல்லி, அவள் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்த ஒரே ஆள் ஒரு நர்ஸ். "நீ நர்ஸா போகணும். நம்ம பொம்பளைங்களுக்கு என்ன ஆச்சுன்னு நம்ம பாஷைல சொல்லணும்" என்று அம்மா அடிக்கடி சொல்வாள். அங்கி தைத்து மிச்சமாகும் வெள்ளைத் துணியை எல்லாம் ஒரு பெரிய பிஸ்கட் டின்னில் மடித்து வைத்தாள். என் நர்ஸ் யூனிஃபார்முக்கு. யூனிஃபார்மை அவர்களே கொடுப்பார்கள் என்று யாரோ சொன்னபோது, "கொடுக்கட்டும், என் பொண்ணு எங்கையால தைச்சதத்தான் முதல்ல போடுவா" என்றாள்.

நர்ஸ் வேலைக்கு சைன்ஸ் வேண்டும் என்று பங்குச் சாமியார் விசாரித்துச் சொன்னார். எங்கள் பள்ளியில் உயர்நிலை இரண்டின் கடைசித் தேர்வில் சைன்ஸில் தேறினால்தான் மூன்றாம் ஆண்டு சைன்ஸ் வகுப்பு. தேறாவிட்டால் பக்கத்து அறையில் சரித்திரமும் பூகோளமும். இரண்டு அறைகளுக்கும் நடுவில் ஒரு பலகைத் தடுப்புதான். அந்தத் தடுப்புக்கு எந்தப் பக்கம் போகிறேன் என்பதுதான் என் வாழ்க்கை என்று எனக்கு நன்றாகவே தெரிந்திருந்தது.

சைன்ஸ் டீச்சர் யாழ்ப்பாணத்துக்காரர். அங்கே படித்து, இங்கே குமாஸ்தா வேலை பார்த்த ஒரு குடும்பத்தில் வாழ்க்கைப்பட்டு வந்தவர். முப்பது வயதுதான் இருக்கும். மடிப்புக் கலையாத வாயல் சேலை, கையில் எப்போதும் கறுப்புக் குடை. நடை, பேச்சு, எல்லாவற்றிலும் நாங்கள் கொஞ்சம் தாழ்த்தி என்பது அவருக்குள் இருந்தது. வாயால் சொன்னதில்லை. நாங்கள் "சாப்டாச்சா டீச்சர்?" என்று கேட்டால், "சாப்பிட்டாச்சு" என்று திருத்திச் சொல்லிவிட்டுத்தான் பதில் சொல்வார்.

முதல் வாரமே ஒரு கூத்து நடந்தது. "எல்லாரும் ஒரு இலை கீறுங்கோ" என்றார். எங்களுக்குக் கீறுவது என்றால் நகத்தாலோ கத்தியாலோ கிழிப்பது. கடைசி பெஞ்சுக்காரன் ஜன்னல் வழியாக எட்டி ஒரு இலையைப் பறித்து, காம்பஸ் முனையால் குறுக்கும் நெடுக்கும் கீறி மேசையில் கொண்டுபோய் வைத்தான். டீச்சர் சிரிக்கவில்லை. "வடிவாப் பென்சிலாலை கீறுங்கோ எண்டால் விளங்காதோ?" என்றார். அப்புறம்தான் படம் வரையச் சொல்கிறார் என்று புரிந்தது. அன்றிலிருந்து நாங்கள் எல்லாவற்றையும் கீறினோம். பூவைக் கீறினோம், தவளையைக் கீறினோம், மனிதக் குடலைக் கீறினோம்.

எங்களுக்குப் பாடப்புத்தகம் இல்லை. சென்னையிலிருந்து கப்பலில் வருகிறது என்று வருஷம் முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். டீச்சர் தன் ஊரிலிருந்து கொண்டுவந்த பழைய புத்தகத்தைப் பார்த்து, நிறுத்தி நிறுத்திச் சொல்வார், நாங்கள் எழுதிக்கொள்வோம். அவர் உச்சரிப்பில் எனக்கு ஒரு மயக்கம் இருந்தது. அந்தச் சொற்களை வீட்டில் குளிக்கும்போது கூடச் சொல்லிப் பார்ப்பேன்.

பள்ளியில் ஒரே ஒரு மைக்ராஸ்கோப் இருந்தது. தலைமையாசிரியர் அலமாரியில் பூட்டியிருக்கும். விருந்தாளிகள் வந்தால் வெளியே எடுத்துத் துடைத்து மேசையில் வைப்பார்கள், அவர்கள் போனதும் உள்ளே போய்விடும். டீச்சர் என்ன சண்டை போட்டாரோ, ஒருநாள் அதை வகுப்புக்கே தூக்கிக்கொண்டு வந்துவிட்டார். "இது நுணுக்குக்காட்டி" என்றார். கடைத்தெருவிலிருந்து வாங்கிய சின்ன வெங்காயம் ஒன்றை உரித்து, சவ்வைக் கண்ணாடித் துண்டில் விரித்து, ஒரு சொட்டு ஐயோடின் விட்டார். வரிசையில் நின்று ஒவ்வொருவராகப் பார்த்தோம்.

என் முறை வந்தது. முதலில் என் கண்ணிமை முடிதான் தெரிந்தது. டீச்சர் என் தலையைப் பிடித்துச் சரியாக வைத்தார். அப்போது தெரிந்தது: கோயில் சுவரில் செங்கல் அடுக்கியதைப் போல வரிசை வரிசையாகக் கட்டங்கள், ஒவ்வொன்றிலும் மஞ்சளாக ஒரு புள்ளி. நாம் சாம்பாரில் போட்டுத் தின்னும் வெங்காயத்துக்குள் இவ்வளவு ஒழுங்கா! நான் தலையை எடுக்கவே இல்லை. பின்னால் நின்றவர்கள் முதுகில் குத்தினார்கள். "போதும் பிள்ளை, மற்றவையும் பார்க்கட்டும்" என்று டீச்சர் தோளைத் தொட்டார். அன்று எனக்கு வந்த மகிழ்ச்சி அதற்குப் பிறகு கல்யாணத்தின்போதும் வரவில்லை.

பிறகு கரும்பலகையில் கீழிருந்து மேலாக ஒரு படிக்கட்டு கீறினார். ஒவ்வொரு படியிலும் ஒரு சொல். அடிப் படியில் கலம். ஒரே மாதிரிக் கலங்கள் பல சேர்ந்தால் இழையம். இழையங்கள் சேர்ந்தால் அங்கம், அதாவது இருதயம், கண், ஈரல். அங்கங்கள் கூடி ஒரு வேலையைச் செய்தால் தொகுதி. எல்லாத் தொகுதியும் சேர்ந்து மேல் படியில் அங்கி. படத்துடன் எழுதி வரச் சொன்னார்.

நான் என்ன செய்தேன் தெரியுமா? கலத்துக்கு வெங்காயக் கட்டம், இழையத்துக்கு அதன் சவ்வு, அங்கத்துக்கு இருதயம் எல்லாம் ஒழுங்காகக் கீறிவிட்டு, மேல் படியில் சாமியார் அங்கி ஒன்றைக் கீறிக்கொண்டு போனேன். கழுத்துப் பட்டி, முன்பக்கப் பொத்தான்கள், கைமடிப்பு, அம்மா தைப்பது போலவே. எங்கள் வீட்டில் அங்கி என்றால் அதுதானே! டீச்சர் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு வாயைக் குடைக் கைப்பிடியால் மறைத்துக்கொண்டு சிரித்தார். அவர் சிரித்து நாங்கள் பார்த்தது அந்த ஒரு தடவைதான். "அங்கம் உள்ளது அங்கி, பிள்ளை. நீரும் ஒரு அங்கி. நானும் ஒரு அங்கி. பூனையும் ஒரு அங்கி" என்றார்.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன். அம்மா மெஷினை நிறுத்தவே இல்லை. மிதித்துக்கொண்டே கேட்டாள். "இது நம்ம தையல் வேலைதான்டி. நூல் இருக்கு, நூல் சேந்து துணி. துணிய வெட்டுனா கை, கழுத்து, பட்டி. எல்லாத்தயும் சேத்துத் தைச்சா அங்கி. ஒரு இழை பிரிஞ்சா போதும், எங்கயோ ஒரு தையல் விடும். சரிதானே?" என்றாள். சரிதான் என்றேன். மூன்றாம் வகுப்போடு நின்றுபோனவள் அம்மா. அவளுக்கு அந்தப் பாடம் அப்படிப் போய்ச் சேர்ந்தது இழையம் என்ற அந்தச் சொல்லால்தான். வேறு சொல்லாக இருந்திருந்தால் சேர்ந்திருக்காது.

அந்தப் படிக்கட்டு பலகையில் அழிக்கப்படாமல் இருந்த ஒரு நாளில் தலைமையாசிரியர் வகுப்புக்குள் வந்தார். அவரைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, அப்படி ஒருவர் எல்லாத் தமிழ்ப் பள்ளியிலும் இருந்தார். வெள்ளைச் சட்டை, வெள்ளைக் கால்சட்டை, கோயில் விழாவோ கல்யாணமோ எங்கேயும் மேடையில் ஒரு நாற்காலி. பேசினால் எதுகையும் மோனையும் கொட்டும். தமிழ்நாட்டுக்காரர், அதில் பெருமையும் உண்டு. பலகையை மேலும் கீழும் பார்த்தார்.

"கலமா? என்ன டீச்சர், கப்பல் பாடம் நடக்குதா? ஹார்பர்ல நிக்கிறதுதான் கலம். தொகுதிங்கிறது எலெக்ஷன்ல வர்றது." வகுப்பு சிரித்தது. நானும் சிரித்தேன், அவர் பேச்சு அப்படி. "நம்ம சொல்லு உயிரணு, திசு, உறுப்பு, உறுப்பு மண்டலம், உயிரி. இதுதான் சென்னைப் புத்தகத்துல இருக்கு."

டீச்சர் முகம் சிவந்துவிட்டது. "உறுப்பு எண்டு சொல்லுங்கோ, ஒப்புக்கொள்ளுறன். திசு எண்டால் என்ன தமிழ் ஐயா? டிஷ்யூதானே! இங்கிலீஷ்காரனுக்குத் தலைப்பாகை கட்டி விட்டால் தமிழன் ஆயிடுவானோ?"

இப்போது வகுப்பு டீச்சருக்காகச் சிரித்தது. கடைசி பெஞ்சிலிருந்து ஒரு விசில் கூட வந்தது. தலைமையாசிரியர் சிரிக்கவில்லை. பிள்ளைகள் முன்னால் மேடைப் பேச்சாளரை ஒரு பெண் மடக்கிவிட்டார், அவ்வளவுதான் நடந்தது. அவர் டஸ்டரை எடுத்து மேல் படியிலிருந்து ஒவ்வொன்றாக அழித்தார். அவர் போனதும் டீச்சர் கீழ்ப் படியிலிருந்து ஒவ்வொன்றாகத் திரும்ப எழுதினார். நாங்கள் ஏதோ கயிறு இழுக்கும் போட்டி பார்ப்பதைப் போல உட்கார்ந்திருந்தோம். அந்தக் கயிறு எங்கள் இடுப்பில்தான் கட்டியிருந்தது என்று யாருக்கும் தோன்றவில்லை.

கப்பல் ஒருவழியாக வந்து புத்தகக் கட்டும் வந்தது. ஆனால் நாலைந்து பிரதிதான், ஆசிரியர்களுக்கே சரியாகப் போயிற்று. என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள் நகைக்கடை ஆசாரியின் மகள், விவரமானவள். தேர்வு நெருங்கியபோது அவள்தான் எழுந்து கேட்டாள். "டீச்சர், எக்ஸாம்ல எத எழுதணும்? உங்க வார்த்தையா, ஹெட்மாஸ்டர் வார்த்தையா?"

"சரியானதை எழுதுங்கோ" என்றார் டீச்சர்.

அவள் விடவில்லை. இடைவேளையில் தலைமையாசிரியர் அறைக்கே போய்க் கேட்டுவிட்டு வந்தாள். "நம்ம சொல்ல எழுதுங்க"ன்னாராம்.

யோசித்துப் பாருங்கள். ஒருவர் சரியானதை எழுது என்கிறார், மற்றவர் நம்முடையதை எழுது என்கிறார். இரண்டு சொல்லையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிவிட்டு வாருங்கள், பிள்ளைகளே, உங்களுக்கு மார்க்தான் முக்கியம் என்று சொல்ல இரண்டு பேருக்கும் மனம் வரவில்லை. ஆசாரி மகளின் அப்பா யாரிடமோ சொல்லி அந்தச் சென்னைப் புத்தகத்தை இரவல் வாங்கிவிட்டார். அவள் திசுவை மனப்பாடம் செய்தாள். எனக்கு அந்தச் சாமர்த்தியம் இல்லை. இழையம் சரியான சொல் என்று டீச்சர் சொல்லியிருந்தார், என் அம்மாவுக்கும் புரிந்திருந்தது. எனக்கு அதற்கு மேல் என்ன வேண்டும்?

தேர்வில் அந்தக் கேள்வியே வந்தது. உயிருள்ளவற்றின் உடல் எப்படிப் படிப்படியாக அமைந்திருக்கிறது, படத்துடன் விளக்குக. பெரிய கேள்வி, பாதித் தாள் அதற்குத்தான். தெரிந்ததே வந்துவிட்டது என்று எனக்கு ஒரே சந்தோஷம். வெங்காயக் கட்டத்தைக் கீறினேன், புள்ளி வைத்தேன். கலம், இழையம், அங்கம், தொகுதி என்று ஒன்று விடாமல் எழுதினேன். மேல் படியில் இந்த முறை அங்கியாக ஒரு பெண்ணைக் கீறி, தலையில் நர்ஸ் தொப்பி வைத்தேன். கொஞ்சம் அதிகப்பிரசங்கித்தனம்தான்.

முடிவு வந்தது. சைன்ஸில் நான் தேறவில்லை. தாளைத் திருப்பித் தரும் வழக்கம் இல்லை, ஏன் என்று கேட்கும் வழக்கமும் இல்லை. ஆசாரி மகள் தேறினாள். நான் பலகைத் தடுப்புக்கு இந்தப் பக்கம் போனேன். மற்றவற்றில்தான் ஏதோ தப்பாக எழுதிவிட்டேன் போல என்று நானே என்னைச் சமாதானப்படுத்திக்கொண்டேன். கணக்குப் போட்டதில் தப்பா, காந்தத்தில் தப்பா என்று எத்தனையோ நாள் யோசித்திருக்கிறேன். வெங்காயத்தில் தப்பு என்று ஒருநாளும் நினைக்கவில்லை.

அம்மா திட்டினாள். அடித்திருந்தால் கூட ஆறியிருக்கும். "ஊசில நூல் கோக்கச் சொன்னாலே பராக்குப் பாப்ப. பரீட்சைலயும் அப்படித்தான் உக்காந்திருப்ப" என்றாள். மறுவாரம் பிஸ்கட் டின்னை இறக்கி, அந்த வெள்ளைத் துணியை எல்லாம் விரித்து வெட்டினாள். பூசைக்கு உதவும் பையன்களுக்கு மேலாடை தைக்க ஆர்டர் வந்திருந்ததாம். அதற்கப்புறம் ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் என் நர்ஸ் யூனிஃபார்ம் மெழுகுவத்தி பிடித்துக்கொண்டு பீடத்தைச் சுற்றி வந்தது. நான் முன் வரிசையில் உட்கார மாட்டேன் என்று அடம் பிடித்ததற்குக் காரணம் என்ன என்று வீட்டில் யாரும் கேட்கவில்லை.

டீச்சர் அந்த வருஷத்தோடு வேலையை விட்டுவிட்டார். எங்கோ ஆபீசில் கிளார்க் வேலை கிடைத்ததாகச் சொன்னார்கள். கடைசி நாள் அவராகவே எங்கள் வகுப்பறைக்கு வந்தார். என் மேசைப் பக்கத்தில் நின்று, ஏதோ சொல்ல வாயெடுத்து, குடையை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினார். "பிள்ளை, இங்கிலீஷ் படியும். இனி அதுதான்" என்றார். போய்விட்டார். என்ன பெரிய மனசு, போகும்போதும் எனக்கு அறிவுரை சொல்லிவிட்டுப் போகிறாரே என்று அன்று நினைத்தேன். அடுத்த வெள்ளிக்கிழமை நற்கருணை ஆராதனையில் அவருக்காக வேண்டிக்கொண்டேன். அந்த வேண்டுதலை இப்போது திரும்ப வாங்கிக்கொள்ள முடிந்தால் வாங்கிக்கொள்வேன்.

சரித்திர பூகோள வகுப்பு எனக்கு எந்தக் கதவையும் திறக்கவில்லை. எலெக்ட்ரானிக்ஸ் ஃபேக்டரி ஒன்றில் ஆபரேட்டர் வேலைக்குப் போனேன். முதல் நாள் சூப்பர்வைசர் என்னை எதன் முன்னால் உட்கார வைத்தாள் தெரியுமா? மைக்ராஸ்கோப். வரிசையாக நூறு பெண்கள், ஆளுக்கு ஒன்று. டீச்சருக்கு அது நுணுக்குக்காட்டி, தலைமையாசிரியருக்கு நுண்ணோக்கி, அங்கே வெறும் ஸ்கோப். தலைமுடியை விட மெல்லிய தங்கக் கம்பியை ஒரு பொட்டு அளவு தகட்டில் ஒட்ட வேண்டும். நாள் முழுக்க அதையே பார்த்தேன், வருஷக்கணக்கில் பார்த்தேன். கண் கெட்டுப்போயிற்று. உயிருள்ள எதையும் அதில் பார்க்கவில்லை.

எண்பதுகளின் தொடக்கத்தில் அம்மாவுக்கு வயிற்றில் வலி வந்தது. ஃபேக்டரி கேன்டீனில் கற்ற இங்கிலீஷை வைத்துக்கொண்டு அம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். டாக்டர் இளைஞர், அவசரக்காரர். செல், டிஷ்யூ, ஆர்கன் என்று மூன்று சொற்கள் காதில் விழுந்தன. அவர் போனதும், "என்னவாம்?" என்றாள் அம்மா. தம்பி போன அன்று அந்த நர்ஸைக் கேட்டதைப் போலத்தான் கேட்டிருப்பாள் என்று நினைக்கிறேன்.

அவள் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னேன். உடம்பு சின்னச் சின்னக் கலங்களால் ஆனது அம்மா, அது கணக்கு மீறிப் பெருகிவிட்டது, ஒரு இழையம் கெட்டு, அது இருக்கிற அங்கமும் கெட்டுப்போயிருக்கிறது, கொஞ்சம் இழையத்தை வெட்டி எடுத்துப் பார்க்கப் போகிறார்கள். அம்மா தன் சேலைத் தலைப்பை விரலால் தடவிக்கொண்டே கேட்டாள். "இழ சிக்கிக்கிச்சு. அதானே?" என்றாள். ஆமாம் என்றேன். தலைப்பை மடியில் விட்டாள். பிறகு என் முகத்தைப் பார்த்துக் கேட்டாள்.

"இவ்வளவு தெரிஞ்சு வச்சிருக்கியே. அன்னிக்கு ஏன்டி எழுதாம வந்த?"

தலைப்பை எடுத்து அவள் தோளில் போட்டுவிட்டேன். சில மாதங்களில் அம்மா போய்விட்டாள். பதில் தெரியாமலே போனாள்.

அடுத்த வருஷம் ஆசாரி மகளுக்குக் கல்யாணம். சிராங்கூன் ரோட்டுக் கோயில் மண்டபத்தில் நடந்தது. வாழ்த்துரைக்குத் தலைமையாசிரியரை அழைத்திருந்தார்கள். பள்ளிக்கூடம் அதற்குள் மூடப்பட்டிருந்தது, ஆனால் அவருக்கு மேடையில் நாற்காலி குறையவில்லை. பேசி முடித்துச் சாப்பாட்டுப் பந்திக்கு வந்தார். எனக்கு எதிர் இலை. ஃபேக்டரி வேலைக்காக முடியைக் குட்டையாக வெட்டியிருந்தேன், கண்ணாடி வேறு போட்டிருந்தேன், என்னை அவருக்கு அடையாளம் தெரியவில்லை. ஆசாரி பக்கத்தில் நின்று பரிமாறச் சொல்லிக்கொண்டிருந்தார்.

"தமிழுக்கு ரொம்பப் பாடுபட்டீங்க ஐயா" என்றார் ஆசாரி.

"பாடா! யாழ்ப்பாணத்து டீச்சரம்மா ஒருத்தர் இருந்தாங்களே, உங்க பொண்ணுக்குத் தெரியும். இழையம், கலம்னு சொல்லிக் கொடுத்துப் புள்ளைங்களக் கெடுத்துக்கிட்டிருந்தாங்க. எத்தனை சொல்லியும் கேக்கல. கடைசில பரீட்சைத் தாள நானே திருத்த உக்காந்தேன், ஒரு பொண்ணு தாள் கையில வந்துச்சு. நல்லா எழுதக்கூடிய பொண்ணு. வரிசை தப்பல, படம் தப்பல, எல்லாம் சரி. ஆனா சொல்லு நம்ம சொல்லு இல்லையே! அந்தக் கேள்விக்கு முட்டை போட்டேன். ஃபெயில். தாளக் கொண்டுபோய் டீச்சரம்மா முன்னால வச்சு, 'பாருங்க, உங்க கெட்டிக்காரப் பொண்ணு உங்க வார்த்தையால போச்சு'ன்னேன். அந்தம்மா வாயே திறக்கல. அந்த வருஷமே கிளம்பிட்டாங்க" என்று சொல்லிச் சிரித்தார். அப்பளத்தை நொறுக்கிச் சாதத்தில் போட்டுக்கொண்டார்.

"படத்துல மேல நர்ஸம்மா வேற" என்றார் பிறகு, நினைவு வந்தவராக.

அந்தப் பெண்ணுக்கு என்ன ஆயிற்று என்று ஆசாரி கேட்பார் என்று காத்திருந்தேன். கேட்கவில்லை. தலைமையாசிரியரும் சொல்லவில்லை, அது அவர் கதையில் இல்லை. டீச்சர் குடையைக் கை மாற்றியது ஏன் என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது. அவருக்கு எல்லாம் தெரிந்திருந்தது. நீ சரியாகத்தான் எழுதினாய் பிள்ளை என்று ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், நான் அதை அம்மாவிடம் கொண்டுபோய்ச் சொல்லியிருப்பேன். இங்கிலீஷ் படி என்று சொல்லிவிட்டுப் போனார், மகராசி. இவர் வென்றார், அவர் மானத்தோடு விலகினார். இரண்டு பேர் மேலும் எனக்கு ஒரே அளவு வெறுப்பு வந்தது. இன்று வரை அது குறையவில்லை, குறைந்ததாகச் சொல்லி உங்களிடம் நல்ல பேர் வாங்கவும் எனக்கு விருப்பமில்லை.

என்ன சொல்லியிருக்க வேண்டும் என்று இத்தனை வருஷமாக யோசித்து வைத்திருக்கிறேன். நல்ல நல்ல வசனங்கள். குளிக்கும்போது சொல்லிப் பார்ப்பேன். அன்று மனதில் ஓடியது அம்மா கேட்ட கேள்விதான். பதில் கிடைத்துவிட்டது அம்மா, நான் எழுதித்தான் வந்தேன். யாரிடம் போய்ச் சொல்வது?

அந்த நேரம் பார்த்து ரசம் பரிமாறிய பையன் கை தவறி, தலைமையாசிரியரின் வெள்ளைச் சட்டையில் தெளித்துவிட்டான். "அடடா" என்று எழுந்து, சட்டையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு சுற்றிலும் பார்த்தார். என் கைப்பக்கத்தில் ஒரு பெட்டி இருந்தது.

"அம்மா, அந்த டிஷ்யூவக் கொஞ்சம் குடும்மா" என்றார்.

டிஷ்யூ என்றுதான் கேட்டார். உருவிக் கொடுத்தேன். நம்ம சொல்லா, சரியான சொல்லா என்றெல்லாம் பார்க்கவில்லை.